பெற்றோர் என்பவர் யாரெனில்

உக்காருங்க அண்ணாச்சி. அந்த ஓரம் வேண்டாம், பெஞ்சுக்கு அந்தப் பக்கத்துக் கால் ஆடுது. இப்படி வாங்க. கல்வி ஆபீசரம்மா மீட்டிங்ல இருக்காங்களாம். மீட்டிங்னு சொல்லிட்டா பதினொண்ணரைக்கு முன்னாடி கதவு திறக்காது. நீங்க எதுக்கு வந்திருக்கீங்க? பென்ஷன் கேசா? அது நல்ல கேசு. குடுக்கணும்னு சர்க்காரே ஒத்துக்கிட்ட விஷயம், இழுத்தடிப்பான், ஆனா வந்துரும். என் கேசு அப்படி இல்ல. என் கேசுல நியாயம் பூரா என் பக்கம் இருக்கு, அதுதான் சிக்கலே.

எம் மகள ஒரு பள்ளிக்கூடத்துலேருந்து இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு மாத்திட்டாங்க அண்ணாச்சி. பெத்த தகப்பன், நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். என் கையெழுத்து இல்லாம டி.சி. குடுத்திருக்காங்க. அந்த டி.சி. செல்லாது, பிள்ளைய பழைய பள்ளிக்கூடத்துக்கே அனுப்பணும்னு மனு கொண்டாந்திருக்கேன். யார் மாத்துனாங்களா? சொல்றேன். மொதல்லேருந்து சொன்னாத்தான் உங்களுக்கு நியாயம் புரியும்.

என் பேரு சீனிராஜ். வன்னியூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடை. மனுவும் எழுதிக் குடுப்பேன். பட்டா மாறுதலா, முதியோர் பென்ஷனா, என்னவா இருந்தாலும் சரி, நம்ம கடையில எழுதுன மனு திரும்பி வந்ததா சரித்திரம் கிடையாது. எங்க ஊர் மேல்நிலைப் பள்ளிக்கூடத்துல பெற்றோர் சங்கத்துக்கு ஆறு வருசமா நாந்தான் தலைவர். தலைவரா இருந்தேன். போன மாசம் வரைக்கும்.

எனக்கு முன்னாடி மரக்கடை ரத்தினவேல் இருந்தாரு. அவரு கடைசி மகளுக்குக் கல்யாணமாகி பேரப்பிள்ளைக்கு மொட்டையும் போட்டாச்சு, மனுசன் பெற்றோர் சங்க நாற்காலிய விட்டு எந்திரிக்கல. ஆண்டு விழான்னா மேடையில நடு நாற்காலி, ரோசாப்பூ மாலை, அரை மணி நேரப் பேச்சு. பிள்ளைக வெயில்ல மயங்கி விழும். கேக்க ஒரு ஆள் கிடையாது. ஏன்னா சங்கத்துக்கு விதின்னு ஒரு துண்டுக் காகிதம் இல்ல. நான் நாலு ஞாயித்துக்கிழமை உக்காந்து எழுதினேன். பதினோரு விதி. விதி எண் மூணு, 'பள்ளியில் தற்போது பயிலும் மாணவரின் பெற்றோர் மட்டுமே பொறுப்பு வகிக்கலாம்.' கூட்டத்துல வாசிச்சேன். ரத்தினவேல் துண்ட உதறித் தோள்ல போட்டாரு, போயிட்டாரு. அவ்வளவுதான். ஒரு சத்தம், ஒரு சண்டை கிடையாது. விதின்னா அப்படி இருக்கணும்.

அப்புறம் ஆறு வருசம் நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. பொம்பளப் பிள்ளைக கக்கூசுக்குக் கதவு போட வச்சது யாரு? நான். ஸ்கூல் நேரத்துக்கு டவுன் பஸ்ஸ ஒம்பதே காலுக்கு மாத்த வச்சது யாரு? நான். அதுக்கு மட்டும் பதினாலு மனு. கடையக் கூடப் பாக்க மாட்டேன். வீட்டுல சண்முகக்கனி, என் வீட்டுக்காரி, சொல்லுவா, "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீங்கதான் அப்பா. நம்ம பிள்ளைக்கு நான் வேற யாரையாச்சும் பாத்துக்கிடுறேன்"னு. கேலிதான். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சரி, விஷயத்துக்கு வாரேன். தேர்தல். எங்க ஊர்ல பாதிச் சனம் வெளியூர்ல வேலை பாக்குது. திருப்பூரு, கேரளா, லாரி. பிள்ளைக மாமன் வீட்டுல இருக்கும், சித்தி வீட்டுல இருக்கும். ஓட்டுன்னு வந்துட்டா ஒரு பிள்ளைக்கு நாலு பேர் பெத்தவன்னு வந்து நிப்பான். போன தேர்தல்ல ஆறாப்புப் படிக்கிற ஒரு பையனுக்கு அப்பா வந்தாரு, மாமா வந்தாரு, சித்தப்பா வந்தாரு, கடைசியில வீட்டுச் சொந்தக்காரர் வந்தாரு. வீட்ட வாடகைக்கு விட்டவரு அண்ணாச்சி! "என் வீட்டுல இருக்கிற பிள்ளை, எனக்கு ஓட்டு இல்லையா?"ன்னு சண்டை. சிரிக்காதீங்க, அன்னைக்கு நாற்காலி பறந்துச்சு. ஒருத்தருக்கு மூக்கு ஒடஞ்சுது.

அதுக்குத்தான் விதி எண் ஏழ மாத்தி எழுதினேன். 'பெற்றோர் என்பவர் யாரெனில், முந்தைய கல்வியாண்டில் மாணவரின் மதிப்பெண் அட்டையில் கையொப்பமிட்டவர்.' புரியுதா? வருசத்துக்கு நாலு பரீட்சை, நாலு தடவை ரேங்க் கார்டு வீட்டுக்கு வருது. எவன் அதப் பிரிச்சுப் பாத்து, கணக்குல ஏன் குறைஞ்சுதுன்னு கேட்டு, கையெழுத்துப் போடுறானோ, அவன்தான் பெத்தவன். அவனுக்குத்தான் ஓட்டு, அவன்தான் தேர்தல்ல நிக்கலாம். மாமனாவது மச்சானாவது. ஞானசெல்வி டீச்சர், எங்க ஹெச்.எம்., வாசிச்சுப் பாத்துட்டு, "நல்லா யோசிச்சிருக்கீங்க சார்"னு சொன்னாங்க. அவங்க யாரையும் லேசுல பாராட்ட மாட்டாங்க. பொதுக்குழுவுல கையத் தூக்கி ஏகமனதா நிறைவேத்தியாச்சு.

இங்கதான் எம் மக விஷயம் வருது. பேரு ஜெயதுர்கா. பத்தாப்புல நானூத்தி எழுபத்தாறு. ஐநூறுக்கு அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துல அவதான் பஸ்ட். நான் அடிச்ச பிளக்ஸ் இன்னும் பஸ் ஸ்டாண்டுல நிக்குது, 'பெற்றோர் சங்கத் தலைவரின் மகள் சாதனை'ன்னு. கனி அதப் பாத்துட்டு, "மக பேரு எங்க?"ன்னு கேட்டா. கீழ போட்டிருந்தேன், கொஞ்சம் சின்ன எழுத்துல.

அவளுக்கு பயாலஜி படிக்கணும். லேப்ல வேலை பாக்கணுமாம், ரத்தம் டெஸ்ட் பண்ணணுமாம், சின்னதுலேருந்து அதே பேச்சு. எங்க பள்ளிக்கூடத்துல பயாலஜி டீச்சர் ரிட்டையர் ஆகி ரெண்டு வருசமாச்சு, போஸ்டுக்கு ஆள் போடல. பிளஸ் ஒன்ல காமர்ஸ் மட்டுந்தான் ஓடுது. டவுன்ல கேர்ள்ஸ் ஸ்கூல் இருக்கு, அங்க எல்லாக் குரூப்பும் உண்டு. பதினோரு கிலோமீட்டர். அங்க ஃபாரம் அவளே போய் வாங்கிட்டு வந்து, அவளே ஃபில்லப் பண்ணி, என் கையெழுத்துக்குக் கடைக்குக் கொண்டாந்தா. "வச்சுட்டுப் போ பாப்பா, சாயங்காலம் போட்டுத் தாரேன்"னு டிராயர்ல வச்சேன். அந்த வாரம் பாருங்க, கூட்டம் அப்படி. அட்மிஷன் நேரம், ஊரே ஜெராக்ஸ் எடுக்க வருது. தேதி போயிருச்சு. மறந்துட்டேன்.

மறந்துட்டேன்னா மறந்துட்டேன் அண்ணாச்சி. ஏன் அப்படிப் பாக்குறீங்க? கனியும் இப்படித்தான் பாத்தா.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. சங்கத் தலைவர் மகளே வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா ஊர் என்ன சொல்லும்? தலைவரே நம்பாத பள்ளிக்கூடத்துல நாம ஏன் சேக்கணும்னு எல்லாரும் கிளம்பிருவான். அதுவும் போக, விதி மூணு இருக்கு. அவ போயிட்டா நான் தற்போது பயிலும் மாணவரின் பெற்றோர் கிடையாது. ஆகஸ்ட்டுல தேர்தல். எனக்கு எதிரா யாரு? பால்பாண்டி. செங்கச் சூளை வச்சிருக்கான். அவன் கையில சங்கத்தக் குடுக்கிறதுக்குக் குரங்கு கையில பூமாலையக் குடுக்கலாம். ஒரே ஒரு தேர்தல், இது மட்டும் முடியட்டும்னு நினைச்சேன். காமர்ஸ் மட்டும் என்ன குறைச்சலா? பேங்க்ல வேலை பாக்குறவன்லாம் காமர்ஸ்தானே? பாப்பாகிட்டச் சொன்னேன். நல்ல பிள்ளை, எதுத்துப் பேசாது. காமர்ஸ்ல சேந்துட்டா. பழைய பயாலஜி புஸ்தகம் யார்கிட்டயோ வாங்கி வீட்டுல வச்சுப் படிச்சுக்கிட்டு இருந்தா. படிக்கட்டும், அறிவு எங்க போகுது?

கனி என்கிட்டப் பேச்ச நிறுத்திட்டா. சோறு போடுவா, தட்டு வைக்கிற சத்தத்துலயே எல்லாத்தையும் சொல்லிருவா.

தேர்தல் அன்னைக்கு மொதல்ல வேட்பு மனு சரி பாக்குறது. பள்ளிக்கூட ஹால். ஞானசெல்வி டீச்சர்தான் தேர்தல் அதிகாரி. கிளாஸ் டீச்சர்மார் போன வருசத்து ரேங்க் கார்ட கட்டுக் கட்டாக் கொண்டாந்து மேசையில அடுக்கியாச்சு. நான் விதிப் புஸ்தகத்தோட பக்கத்துல உக்காந்தேன், எழுதினவன் நான்தானே. எல்லாப் பதவிக்கும் சேத்து ஏழு மனு வந்திருந்துச்சு. அதுல மூணு விதி ஏழுல அடிபட்டுச்சு. ஒண்ணு மாரிச்செல்வம், லோடு லாரி டிரைவர். பாவம், பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவான். கார்டுல பூரா அவன் தங்கச்சி கையெழுத்து. "அண்ணே, எம் பிள்ளைண்ணே"ன்னு கெஞ்சுறான். நான் சொன்னேன், "மாரிச்செல்வம், பெத்த பிள்ளை ரேங்க் கார்டப் பாக்க நேரமில்லாதவன் சங்கத்துக்கு எங்கப்பா நேரம் ஒதுக்குவ?" ஹாலே கை தட்டுச்சு. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயி பின்னாடி உக்காந்தான்.

அப்ப பால்பாண்டி எந்திரிச்சான். ரொம்ப மரியாதையா, "டீச்சர், தலைவர் மக கார்டையும் பாத்துருவமே, ஒரு முறைக்கு"ன்னான்.

பாருங்கன்னேன். தைரியமாச் சொன்னேன் அண்ணாச்சி. எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. டீச்சர் கார்டப் பிரிச்சாங்க. பாத்தாங்க. திருப்பிப் பாத்தாங்க. மூக்குக் கண்ணாடியக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி பாத்தாங்க. அப்புறம் கார்ட என் பக்கம் தள்ளி வச்சாங்க. நாலு கையெழுத்து. சண்முகக்கனி, சண்முகக்கனி, சண்முகக்கனி, சண்முகக்கனி.

நான் எப்பப் போட? காலாண்டுப் பரீட்சை கார்டு வந்தப்ப பஸ் விஷயமா டிப்போவுக்கு அலைஞ்சேன். அரையாண்டுக்கு ஆண்டு விழா வேலை. பிள்ளை கார்ட நீட்டும், "உங்கம்மாகிட்ட வாங்கிக்கோ பாப்பா"ம்பேன். அன்னைக்கு ஹால்ல அது எனக்கு ஞாபகமே இல்ல. விதிய எழுதும்போதும் ஞாபகம் வரல. ஊர்ல இருக்கிற அத்தனை பேர் வீட்டையும் யோசிச்சு எழுதினேன் அண்ணாச்சி, எங்க வீட்டத் தவிர.

மாரிச்செல்வம்தான் பின்னாடியிலிருந்து கேட்டான். "அண்ணே, சங்கத்துக்கு எங்கண்ணே நேரம் ஒதுக்குவீங்க?" அவ்வளவு சிரிப்பு. நான் விதி பத்தக் காட்டினேன், விலக்கு அளிக்கத் தலைவருக்கு அதிகாரம் உண்டுன்னு. "தலைவர் தனக்குத்தானே விலக்கு குடுத்துக்கிட முடியாது சார்"னு டீச்சர் சொல்லிட்டாங்க. அதுவும் நான் எழுதினதுதான். உள்விதி.

நான் அசரல. சரி, விதிப்படி பெற்றோர் யாரு? சண்முகக்கனி. அவ நிக்கட்டும். என் வீட்டுக்காரி நின்னா என்ன, நான் நின்னா என்ன? பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டாப் போச்சு. கனி பொம்பளைக பக்கம் நாலாவது வரிசையில இருந்தா. "கனி, எந்திரிச்சு வா"ன்னேன். வந்தா. சேலை முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு நேரா மேசைக்கு வந்தா. டீச்சர் கேட்டாங்க, "நீங்க தலைவர் பதவிக்கு நிக்கிறீங்களாம்மா?"

"எனக்குப் பதவியெல்லாம் வேண்டாம் டீச்சர்"னா. "எம் பிள்ளைக்கு டி.சி. வேணும். கேர்ள்ஸ் ஸ்கூல்ல பயாலஜி குரூப்புல ஒரு பிள்ளை பாலிடெக்னிக் போயிருச்சாம், ஒரு சீட்டு காலி இருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் வச்சிருப்பாகளாம். நான் கையெழுத்துப் போட்டாச் செல்லுமா?"

டீச்சர் என்னப் பாத்தாங்க, விதிப் புஸ்தகத்தப் பாத்தாங்க. "செல்லும்மா. உங்க வீட்டுக்காரர் எழுதுன விதிப்படி நீங்கதான் பெற்றோர்"னாங்க. அந்தம்மா கிண்டலாச் சொன்னாங்களா, நிஜமாச் சொன்னாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. "கனி, இது என்ன, வீட்டுல பேசுற பேச்ச இங்க வந்து?"ன்னேன். அவ என் பக்கம் திரும்பல. "வீட்டுல பேசுறதுக்கு நீங்க எப்ப இருந்தீங்க?"ன்னு டீச்சர் முகத்தப் பாத்தே சொன்னா. அத்தனை பேர் முன்னாடி அண்ணாச்சி. எனக்கு உசுரே போயிருச்சு.

அன்னைக்குத் தேர்தல்ல பால்பாண்டி போட்டியில்லாம வந்துட்டான். மறுநாள் டி.சி. வாங்கியாச்சு. கனியோட அண்ணன் வீடு டவுன்ல, கேர்ள்ஸ் ஸ்கூல் பக்கந்தான். தாயும் மகளும் பெட்டியத் தூக்கிக்கிட்டு அங்க போயிட்டாங்க. கோவிச்சுக்கிட்டுப் போகலையாம், பஸ் அலைச்சல் வேண்டாம்னு போனாகளாம். அப்படித்தான் ஊர்ல சொல்லியிருக்கா. என் மானத்தக் காப்பாத்துறாளாம். வீடு பூட்டிக் கிடக்குது. கடையிலதான் பொங்கித் திங்கிறேன்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். அந்த விதி தேர்தலுக்கு எழுதினது. டி.சி.க்கு எழுதினதா? சர்க்கார் சட்டத்துல தகப்பன்னா தகப்பன்தானே? தகப்பன்தான் பெத்தவன்னு ஆபீசரம்மா பிள்ளையத் திருப்பி அனுப்பிட்டா, தேர்தலும் தப்பா நடந்துச்சுன்னு ஆகிப்போகும். மறு தேர்தல் வைக்கணும். நான் பதவிக்காகச் சொல்லல, விதின்னு ஒண்ணு இருக்கில்ல?

இந்த மனுவுல ஒரு ஓட்டை இருந்துச்சு. பிள்ளையோட விருப்பம் என்னன்னு ஆபீசரம்மா கேட்டா என்ன சொல்றது? அதுக்காகப் பாப்பாவப் பாக்க கேர்ள்ஸ் ஸ்கூலுக்குப் போனேன். மத்தியானம் சாப்பாட்டு மணி அடிச்சதும் கேட்டுக்கு வந்தா. புதுப் பள்ளிக்கூடத்து யூனிஃபாரம், கொஞ்சம் பெருசு, மாமன் மக போட்டதாயிருக்கும். என்னப் பாத்ததும் ஓடி வந்தா. "அப்பா, சாப்டீங்களா?"ன்னு கேட்டா. மொதல்ல அதத்தான் கேட்டா. அவ டிபன் பாக்ஸ நீட்டினா. வேண்டாம்னேன். நோட்ட விரிச்சுக் காட்டினா, இதயம் வரைஞ்சிருக்கா, அறை அறையா, கலர் பென்சில்ல. மிஸ் எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாகளாம். அவ அவ்வளவு பேசி நான் பாத்ததில்ல. நான் இடையில புகுந்து விஷயத்தச் சொன்னேன். டி.சி. செல்லாது பாப்பா, அப்பா மனு போடுறேன், நீ திரும்பி நம்ம பள்ளிக்கூடத்துக்கே வர்றியான்னு.

நோட்ட மூடிட்டா. கேட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டா. "நான் வந்துட்டா அம்மாவும் வீட்டுக்கு வந்துருவாங்களாப்பா? நீங்க ரெண்டு பேரும் பேசிக்குவீங்களா?"

பின்ன, பேசாமயா இருப்போம்னேன்.

"அப்ப வர்றேன்ப்பா"ன்னா. "எங்க எழுதிக் குடுக்கணும்?"

நானே பேப்பர் கொண்டு போயிருந்தேன். மதில் சுவத்துல வச்சு எழுதினா. இந்தா பாருங்க. 'நான் என் முழு சம்மதத்துடன் பழைய பள்ளியிலேயே படிக்க விரும்புகிறேன். இப்படிக்கு, சீ. ஜெயதுர்கா.' நான் சொல்லச் சொல்ல எழுதினதுதான். ஆனா சம்மதம் அவளோடது. அவ எம் பக்கந்தான் அண்ணாச்சி. எழுதிட்டு அழுதா. பிள்ளைக எதுக்குத்தான் அழாது? அழுதுக்கிட்டே, "அப்பா, நீங்க மெலிஞ்சுட்டீங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. மணி அடிச்சிருச்சு. அவ சாப்பிடவே இல்ல. என் கூட நின்னதுல அந்த நேரம் போயிருச்சு. பஸ்ல வரும்போதுதான் அது உறைச்சுது. அன்னைக்குலேருந்து நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருக்கு, சோறு இறங்கல. டாக்டர்கிட்டக் காட்டினேன், கேஸ் டிரபிள்னு மாத்திரை குடுத்தாரு.

இந்தக் காகிதம் ஒண்ணு போதும், மனு நின்னுரும். எந்த ஆபீசரும் மறுக்க முடியாது. நான் மனு எழுதுறவன், எனக்குத் தெரியும். உள்ள போயி நீட்டினா பத்து நிமிசத்துல எல்லாம் முடிஞ்சு போகும்.

டோக்கன் பதினாறா? ஆமா, கேட்டுச்சு. மொதல் தடவை கூப்பிட்டதும் கேட்டுச்சு. என்னோடதுதான். போன திங்கக்கிழமையும் கூப்பிட்டாங்க, அதுக்கு முந்தின திங்கக்கிழமையும் கூப்பிட்டாங்க. இல்ல இல்ல, என்னப் பிடிச்சுத் தூக்காதீங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். உங்களுக்குப் பதினேழுதானே? போங்க, கதவு திறந்திருக்கு. பென்ஷன் காரியம், தள்ளிப் போடக் கூடாது. நீங்க முன்னாடி போங்க அண்ணாச்சி.